காத்திவாக்கம் வண்டியின் ரிட்டர்ன் பைப்

அக். 6, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். கடல் காற்று பத்தரைக்குத்தான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஸ்பேனர்களில் காய்ந்து கிடந்தது. டீசல் தொட்டுத் துடைத்தேன். பதினேழாம் நம்பரைக் காணோம், வழக்கம்போல.

மாமாவின் ஷெட்டுக்குத் தனா அண்ணன் வண்டி வந்தது. காத்திவாக்கத்துக்காரர். ஏழு பேர் உட்காரும் டீசல் கார், வாடகைக்கு ஓட்டுகிறார். என்ஜினின் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய். மாமா டார்ச் அடித்துப் பார்த்தார். "உப்புக் காத்து துன்னுடுச்சிப்பா." டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கும் இரும்புப் பைப்பில் துரு. ஊசிமுனை அளவு மூன்று ஓட்டை. தொட்டேன், செதிலாக உதிர்ந்தது.

மறக்காமல் இருக்க:
- டர்போ = சைலன்சர் புகையின் வேகத்தில் சுற்றும் சின்ன விசிறி. உள்ளே எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.
- எண்ணெய் மேலே போவதற்கு பம்பு உண்டு. திரும்பி வருவதற்கு எதுவும் கிடையாது. தானாகக் கீழே விழ வேண்டும். அந்த வழிதான் ரிட்டர்ன் பைப் (இனி ரி.பை.).
- ரி.பை. எங்கேயும் மேலே ஏறக் கூடாது, தொங்கக் கூடாது. தேங்கினால் எண்ணெய் டர்போவைத் தாண்டி என்ஜினுக்குள் போகும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் இப்படிக் குறிப்பு எழுதியதில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களோ என்ற பயத்திலேயே மணி அடித்துவிடும். படிப்பு பத்தாவது அரையாண்டோடு சரி.

புது இரும்புப் பைப் வர பத்து நாள் ஆகுமாம். தனா அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். "சனிக்கெழம விடிகாலைல திருப்பதி மாமு. எங்கம்மாவும் மீன்கார அம்மாங்க நாலு பேரும். நாலாஞ்சனி. வேற வண்டில போங்கன்னு சொன்னா என்னிய வூட்டுல சேக்க மாட்டாங்கோ."

"ஹோஸ் போட்டுத் தரேன், போ" என்றார் மாமா.

அக். 7, செவ்வாய்

மேகம். மழை இல்லை. கொசு.

மாமா புதுப்பேட்டையிலிருந்து ஹோஸ் வாங்கி வந்தார். எண்ணெய் தாங்கும் வகை, மேலே நூல் பின்னல். இரண்டு முனைக்கும் லேத்தில் மூக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மாமாவின் கை உள்ளே போகவில்லை. என் கை போகும். ஷெட்டில் என்னை வைத்திருப்பதற்கு இரண்டு காரணம்: அம்மாவுக்கு அவர் தம்பி, என் மணிக்கட்டு சின்னது. பக்கத்து டிங்கர் கடையில் முதல் காரணத்தை மட்டும் சொல்கிறார்கள்.

பழைய இரும்புப் பைப் நேராகக் கீழே இறங்கி, சைலன்சர் பைப்பை ஒட்டிப் போய், பின்னால் என்ஜினில் சேரும். ரப்பரை அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் விட பயம். கருகினால்? யோசித்து வேறு வழி பிடித்தேன். டர்போவிலிருந்து என்ஜினைத் தாங்கும் கட்டையின் மேலேயே ஒரு அடி பின்னால் கொண்டுபோய், அப்புறம் இறக்கினேன். மூன்று கிளிப். சூடு படாது, ஆடாது. பார்க்கவும் அழகு.

சரிவு இருக்கிறதா என்று டீ கிளாஸ் வைத்துப் பார்த்தோம். கீழ் முனையைக் கழற்றிக் கிளாஸில் விட்டு, மேல் முனையில் எண்ணெய் ஊற்றினேன். கடகடவென்று இறங்கியது. கிளாஸில் நின்ற எண்ணெயின் மட்டத்தை வைத்து விரலால் அளந்தால் அந்த ஒரு அடியில் இரண்டு விரல் சரிவு.

டிங்கர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பாப்பா போட்டதா? ஷோக்கா கீதே. கம்பேனிக்காரன் கூட இப்டி ஓட்ட மாட்டான்."

கீழே விழாத நட்டைக் குனிந்து தேடினேன்.

அக். 8, புதன்

மாமா எண்ணூர் வரை ஓட்டிவிட்டு வந்தார். புகை இல்லை, கசிவு இல்லை. பதினொன்றரைக்கு தனா அண்ணன் எடுத்துப் போனார். வண்டி பின்னால் இறங்கித் தெருவில் திரும்பும் வரை டயரையே பார்த்தேன்.

மதியம் சோறு இறங்கவில்லை. மனதுக்குள் திரும்பத் திரும்ப:
1. மேல் கிளிப் – இறுக்கினேன்.
2. நடு கிளிப் – இறுக்கினேன்.
3. கீழ் கிளிப் – இறுக்கினேனா? இறுக்கினேன். ஸ்குரூ டிரைவர் வழுக்கி விரலில் பட்டது, அடையாளம் இருக்கிறது.

அம்மா: "ஒரு வேல செஞ்சா செஞ்சதோட வுடுமே. அதயே மென்னுகினு கீற."

அக். 9, வியாழன்

சின்னத் தூறல், உடனே நின்றது. குப்பை எரிகிற வாடை கொடுங்கையூர் பக்கத்திலிருந்து. துணியை உள்ளே எடுத்தேன்.

நாலு மணிக்கு தனா அண்ணனின் போன். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமு, வண்டி சும்மா பறக்குது. ஒண்ணே ஒண்ணு, பாலத்துலேர்ந்து எறங்க சொல்லோ லைட்டா நீலமா பொக. கீழ வந்தா சரியாப் பூடுது."

"புது ஹோஸ் போட சொல்லோ ஊத்தன எண்ணெ கொஞ்சம் ஒட்டிகினு இருக்கும். எரிஞ்சி போவும். பேஜார் பண்ணிக்காத."

இருக்கலாம். ஆனால் ஏறும்போது இல்லை, சமதரையில் இல்லை. இறங்கும்போது மட்டும் ஏன்? மாமாவிடம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஆட்டோ ஒன்று வந்துவிட்டது.

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. போன வருடம் ஷெட்டில் ஒரு வேன். டர்போ வழியாக எண்ணெய் உள்ளே போய், என்ஜின் அதையே டீசலாகக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. சாவியை எடுத்தாலும் நிற்கவில்லை. தானாக ரேஸ் ஆகி ஊளையிட்டது. மாமா ஒரு பலகையை என்ஜின் காற்று இழுக்கும் வாயில் வைத்து அழுத்தி நிறுத்தினார். எல்லாரும் தெருவுக்கு ஓடிவிட்டோம்.

அது நின்றுகொண்டிருந்த வண்டி.

திருப்பதி மலையில் இறங்கும்போது பலகையோடு யார் நிற்பார்கள்?

அக். 10, வெள்ளி

நிறைய நடந்துவிட்டது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஒன்பது. மணலி ரோட்டில் ஒரு வேன் நின்றுவிட்டதென்று மாமாவோடு போனேன். பெல்ட் அறுந்திருந்தது. கழற்றும்போது என் கையிலிருந்து ஒரு நட்டு விழுந்தது. குனியாமல் நேராக வேனின் பின்பக்கம் போய்த் தேடினேன். இல்லை. மாமா சிரித்தார். "எங்கமே போற? கால்கிட்டயே கீது பார்."

விழுந்த இடத்திலேயே இருந்தது.

ஷெட்டில் எது விழுந்தாலும் வாசலுக்கு உருண்டுவிடும். அங்கே போய்த்தான் பொறுக்குவோம். வெள்ளம் வந்த வருடம், தண்ணீர் உள்ளே நிற்கக் கூடாதென்று மாமா ஷெட்டின் பின்பக்கம் கான்கிரீட் போட்டு உயர்த்தினார். வண்டிகள் முகத்தை உள்ளே வைத்துத்தான் நிற்கும். அதாவது மூக்கு எப்போதும் மேலே.

தனா அண்ணன் வண்டியில் ரி.பை. முன்னாலிருந்து பின்னால் ஓடுகிறது. நான் அளந்த இரண்டு விரல் சரிவு பைப்பின் சரிவா, ஷெட்டுத் தரையின் சரிவா?

ரோட்டோரத்திலேயே மாமாவிடம் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. தரை, நட்டு, மூக்கு என்று உளறினேன்.

"இன்னாமே சொல்ற? தர சாஞ்சா வண்டியும் சாயும். பைப்பு வண்டிலதான கீது? ரெண்டும் சேந்துதான சாயும்?"

அதற்கு ஒரு பதில் இருக்கிறது என்று தெரிந்தது. யோசிப்பதற்குள் மாமா அங்கிருந்தே பெரம்பூருக்குக் கிளம்பினார், சொந்தத்தில் பதினாறாம் நாள் காரியம். "நாளைக்கு வந்து பாத்துக்கலாம். அதுவரைக்கும் கஸ்டமராண்ட எதுவும் வாய வுடாத."

பதில், திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் வந்தது. பைப் வண்டியோடு சாயும். எண்ணெய் சாயாது. அதற்கு வண்டி தெரியாது, பூமிதான் தெரியும்.

நாளை விடிகாலை மூன்று மணிக்குத் தனா அண்ணன் கிளம்புகிறார். அதற்குள் மாமா வரமாட்டார்.

ஷெட்டுக்குப் பக்கத்தில் கட்டுகிற ஃபிளாட்டில்தான் அம்மா சித்தாள். சாப்பாட்டு நேரம். போய், மட்டம் பார்க்கும் டியூபைக் கேட்டேன். கண்ணாடி மாதிரி நீள டியூப், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அம்மா கேள்வி கேட்கவில்லை, டியூபைத் தோளில் சுற்றிக்கொண்டு கூடவே ஷெட்டுக்கு வந்தாள். அவள் முன்சக்கரம் நிற்கும் இடத்தில் ஒரு முனையைப் பிடிக்க, நான் பின்சக்கரம் நிற்கும் இடத்தில்.

வித்தியாசம் ஒரு சாண்.

அம்மா தரையின் சரிவைப் பார்த்தாள். "இத்தினி வாட்டமா? பாத்ரூமுக்குக் கூட நாங்க இவ்ளோ வாட்டம் வுட மாட்டோம்மே. எவன்டி போட்டான்?"

"மாமா."

"அதான பாத்தேன்."

குச்சியை வைத்துக் கணக்குப் போட்டேன். ஷெட்டில் இரண்டு விரல் சரிவு என்றால் சமதரையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மலையிறக்கத்தில் அந்த ஒரு அடி டர்போவைப் பார்த்தே சரிந்திருக்கும். ஏறும்போது எதுவும் தெரியாது. சாமி கும்பிட்டுத் திரும்பும்போதுதான்.

தனா அண்ணன் நம்பரை மூன்று தடவை எடுத்தேன். அழுத்தவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போன்ல பேச வரலியா, நேர்ல போ. நேர்ல போனா அவங்களாவது பேசுவாங்க."

பழைய ஸ்கூல் பையில்: ஸ்பேனர் ஏழு, கிளிப், சைலன்சரில் சுற்றும் சூடு தாங்கும் நாடா (மீந்த ரோல்), பிஸ்கட் டின் மூடி, தகரக் கத்தரி, டீ கிளாஸ், அரை லிட்டர் எண்ணெய்.

மதியம் மூன்று மணிக்குக் காத்திவாக்கம். தனா அண்ணன் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவி மஞ்சள் பூசி வைத்திருந்தார். திருப்பதிக்குப் போகிற ஐந்து பெண்களும் அங்கேயே. கட்டுச்சோற்றுக்குப் புளி கரைக்கிறார்கள். ராஜாத்தி அக்கா என்று ஒருவர், எல்லாரையும் விட அவர் குரல் பெரிது.

"யார்ரா இது, ஸ்கூல் பையோட?"

"மெக்கானிக் ஷெட்டுப் பொண்ணுக்கா" என்றார் தனா அண்ணன். "இன்னா பவி? மாமா எங்க?"

"மாமா பெரம்பூர்ல. அந்தப் பைப்ப மாத்தணும்ணா."

"ஏன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் தப்பா போட்டுட்டேன்."

"ஏய், டபாய்க்காத. நேத்துதான் உங்க மாமா ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. விடிகாலை மூணுக்குக் கெளம்பணும், இப்ப வந்து பிரிக்கணும்ன்ற? பிரிச்சிட்டு சேராம போனா?"

அது நியாயமான கேள்வி. கிளாஸை எடுத்தேன். தெருமுனையில் முகத்துவாரம் பக்கம் படகுகளை இழுத்து ஏற்றும் சரிவு இருக்கிறது. வண்டியை அங்கே மூக்குக் கீழாக நிறுத்தச் சொன்னேன். சொன்னேன் என்றால், கையைக் காட்டினேன்.

முனகிக்கொண்டே கொண்டுபோய் நிறுத்தினார். காலையிலிருந்து ஓடாத வண்டி, சூடில்லை. கீழ் முனையைக் கழற்றிக் கிளாஸில் விட்டேன். மேல் முனையில் எண்ணெய் ஊற்றினேன்.

கிளாஸில் ஒரு சொட்டு கூட இல்லை. மேலே ததும்பி என் கை மீதே வழிந்தது.

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

ராஜாத்தி அக்கா கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாடா தனா, எறங்க மாட்டேங்குது?"

"அதான்கா சொல்லுது அந்தப் பொண்ணு."

"மல ஏறிட்டா பத்துமா, எறங்க வாணாமா? புரட்டாசில மீன் வாங்க நாதியில்லன்னு சாமி பாக்கப் போனா, நீ சாமியாண்டயே வுட்டுட்டு வந்துருவ போலக்கீதே. அது போடட்டும் வுடு. நீ போயி குடத்துல தண்ணி கொண்டா, பொண்ணு கை கழுவ."

பழைய இரும்புப் பைப்பின் வழியையே பிடித்தேன். டர்போவிலிருந்து நேராகக் கீழே, பிறகு சரிவாகப் பின்னால். நீளம் அதிகம், வெட்டினேன். சூடு தாங்கும் நாடா இரண்டு சுற்று. சைலன்சர் பைப்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் பிஸ்கட் டின் மூடியை வளைத்துத் தடுப்பு. இரண்டு விரல் இடைவெளி. பார்க்க அழகாக இல்லை. மூடியில் பாதிப் பூப்படம் தெரிகிறது.

நடுவில் ஒரு கிளிப் மணலில் விழுந்து தொலைந்தது. ஐந்து பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு தேடினார்கள். "மீன் செதிலு மாறி கீது பார்" என்று ராஜாத்தி அக்காதான் எடுத்துக் கொடுத்தார்.

மறுபடி கிளாஸ். மூக்குக் கீழாகவே. இறங்கியது. மூன்று தடவை ஊற்றினேன், மூன்று தடவையும்.

ஆறரை, வெளிச்சம் போய்விட்டது. தனா அண்ணன் பஸ் வரைக்கும் வந்தார். பஸ் வந்ததும், "உங்க மாமாவுக்குத் தெரியுமா நீ வந்தது?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அக். 11, சனி

வெயில். அனல்.

மாமா எட்டு மணிக்கு ஷெட்டுக்கு வந்தார். நானே சொல்வதற்குள் டிங்கர் கடைக்காரர் சொல்லிவிட்டார், காத்திவாக்கத்தில் அவருக்கு மச்சான் இருக்கிறார்.

"கஸ்டமர் வூட்டாண்டயே போயி, நம்ம வேல தப்புன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிட்டு வந்துகீற?"

"நான் போட்டதுதான் தப்புன்னு சொன்னேன் மாமா."

"ஷெட்டு யாருது?"

மதியம் வரை ஸ்பேனரைக் கையில் தராமல் தரையில் வைத்தார். எல்லாம் வாசலுக்குச் சறுக்கின.

புது பயம்: சூடு. மலை ஏறும்போது சைலன்சர் பைப் சிவக்கும். நாடா போதுமா? மூன்று சுற்று சுற்றியிருக்கலாம். ரோல் மீதி இருந்தது. ஏன் சுற்றவில்லை? கிளிப் தேடியதில் மறந்துவிட்டேனா? தகர மூடி அதிர்ந்து ஹோஸை அறுத்தால்? ஓரத்தை மடித்தேன். மடித்தேனா? மடித்தேன்.

ஒரு மணி: தரிசனம் முடிந்திருக்குமா. நாலாம் சனி, முடிந்திருக்காது.
இரண்டரை: தெரியவில்லை.
மூன்று: இறங்க ஆரம்பித்திருந்தால்? டீ வாங்கப் போய் டீ வாங்காமல் வந்தேன்.

நாலு பத்து. போன் மாமாவுக்கு வந்தது. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எறங்கிட்டோம் பவி." தனா அண்ணன். "கீழ வந்து டீ குடிச்சிகினு கீறோம். பானெட்ட தொறந்து பாத்தேன், காஞ்ச மாறி கீது. பொகையும் இல்ல. ராஜாத்திக்கா மேலேர்ந்து கீழ வரைக்கும் பின் கண்ணாடிலயே மூஞ்ச வெச்சிகினு பொக வருதா பொக வருதான்னு பாத்துகினே வந்துச்சி. கோவிந்தா போடவே மறந்துட்டுது."

பின்னால் சிரிப்புச் சத்தம். யாரோ லட்டு என்றார்கள்.

"சரிண்ணா" என்றேன். போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மாமா வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். ஐந்து மணிக்கே என்னைப் போகச் சொன்னார்.

அக். 12, ஞாயிறு

காலையில் லேசான மழை. ஷெட் லீவு. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்தாள்.

பத்து மணிக்கு மாமா வந்தார். தோளில் அந்த மட்டம் பார்க்கும் டியூப். நேற்று சாயங்காலம் அம்மாவிடம் வாங்கிப் போனாராம், எனக்குத் தெரியாது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"ஒரு சாணுக்கு மேலயே கீதுமே" என்றார். என்னிடமா அம்மாவிடமா தெரியவில்லை.

"அதான் அன்னிக்கே சொல்லிச்சே பொண்ணு" என்றாள் அம்மா.

"அது இல்லக்கா. ராத்திரி படுத்தா தூக்கம் வர்ல." என் பக்கம் திரும்பினார். "பவி, அந்த எடத்துல நிறுத்திதான எல்லா வண்டிக்கும் ஆயில் மாத்தனோம்? அளவு கம்பிய வுட்டு எடுத்து, கோட்டு வரைக்கும் கீதான்னு பாத்ததும் அந்தத் தரைலதான?"

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. மூக்கு மேலே இருந்தால் எண்ணெய் பின்னால் போய்த் தேங்கும். அளவுக் கம்பி முன்பக்கம் உள்ள வண்டிக்கு அளவு குறைவாகக் காட்டியிருக்கும், நாங்கள் மேலே மேலே ஊற்றியிருப்போம். பின்பக்கம் உள்ள வண்டிக்கு நிறைவாகக் காட்டியிருக்கும், குறைவாகவே விட்டு அனுப்பியிருப்போம். கான்கிரீட் போட்ட நாளிலிருந்து. டர்போ உள்ளது, இல்லாதது, எல்லாம்.

மாமா சட்டைக்குள்ளிருந்து கஸ்டமர்களின் போன் நம்பர் எழுதிய நோட்டை எடுத்தார். நடுவில் பிரித்து இரண்டாகக் கிழித்தார்.

"நான் பாதி, நீ பாதி. நான் வாசல்ல நின்னு பேசறேன்."

"மாமா, நான் எப்பிடி..."

"நான் சொன்னா, ஏன் இன்னிக்கு சொல்றன்னு கேப்பான், எனக்குச் சண்டதான் வரும். நீ சொன்னா கேக்கறாங்கோ."

வெளியே போய்விட்டார். அவர் குரல் கேட்கிறது, முதல் ஆளிடமே கத்துகிறார்.

என் பாதியில் முதல் பெயர் எர்ணாவூர்க்காரர், வெள்ளை வண்டி. அளவுக் கம்பி பின்பக்கம். குறைவாக விட்டிருப்போம். மூன்றாவது ரிங்கில் ஒரு பெண் எடுத்தார். வண்டி காலையிலேயே கும்மிடிப்பூண்டி போய்விட்டதாம், இன்னா விஷயம் என்று கேட்டார்.

பேனா இருக்கிறதா என்று கேட்டேன். தேடினார். காத்திருந்தேன்.

"சொல்லுமா."

"அவருக்குப் போன் பண்ணி இத அப்டியே சொல்லுங்க. மொதல்ல சமமான எடமாப் பாத்து வண்டிய ஓரங்கட்டி நிறுத்தணும்."